கூடையில் வந்த மாத்திரைகள்

நடந்ததை வரிசைப்படி எழுதிப் பார்க்கிறேன். எங்கே தவறினேன் என்று அப்போதாவது தெரிகிறதா பார்க்கலாம்.

அப்பா அப்துல் ஷகூர் கெய்ரோவில் ஓர் ஆறு மாடிக் கட்டடத்தின் காவலாளி. படிக்கட்டுக்கு அடியில்தான் எங்கள் அறை. நான்காம் மாடி இன்ஜினியர் ருஷ்திக்கும் அப்பாவுக்கும் ஒரே குளிர்காலத்தில் நெஞ்சு வலி வந்தது. இன்ஜினியருக்கு வலி வந்த அன்று மதியமே தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். அப்பா வாயு என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் குடித்தார். அரசு மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்த தேதி நான்கு மாதம் தள்ளி.

இரண்டு மாதத்தில் இன்ஜினியருக்கு மருந்தை மாற்றினார்கள். பழைய மாத்திரைகளை அவர் மனைவி இஜ்லால் பால்கனியிலிருந்து கயிற்றுக் கூடையில் இறக்கினார். மீந்த சோறும் பழைய சட்டையும் அப்படித்தான் வரும்.

"உங்கப்பாவுக்கும் அதே வியாதிதானே, ஸனிய்யா? வீணாப் போகாம சாப்பிடச் சொல்லு."

மருந்துக்கடை வேலைக்காகப் போகும் மாலை வகுப்பில் பழகியபடி பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றையும் சரிபார்த்து நோட்டில் எழுதினேன். நாற்பத்தெட்டு மாத்திரைகள், நாளுக்கு ஒன்று. வலி நின்றது. எரிவாயு சிலிண்டர்களை லிஃப்டில் ஏற்ற அனுமதியில்லை. அப்பா அவற்றைத் தோளில் வைத்து நடுவில் நிற்காமல் ஏறினார்.

மாத்திரை தீர்ந்த அன்று, மேலே போய்க் கேட்கட்டுமா என்றேன்.

"கூடையில வந்தா வாங்கிக்கணும்மா. வரலன்னு போய் நின்னா அது பிச்சை. இப்ப நான் குதிரை மாதிரிதானே இருக்கேன்?"

எனக்கும் வெட்கம்தான். அவர் பேச்சைச் சாக்காக்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மூன்றாம் மாடிப் படியில் சிலிண்டரோடு விழுந்தார். அவசரப் பிரிவு டாக்டர் என் நோட்டைப் புரட்டினார்.

"இதைத் திடீர்னு விடவே கூடாது. யாரு நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. தீர்ந்துபோச்சு."

மறுநாள் மதியம் அப்பா இறந்தார்.

இஜ்லாலும் இன்ஜினியரும் துக்கம் கேட்க வந்தார்கள். படியில் நடப்பது இதயத்துக்கு நல்லதென்று டாக்டர் சொன்னாராம். இன்ஜினியர் லிஃப்டை விட்டு நடந்தே இறங்கி வந்தார். இஜ்லாலுக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

"இன்னும் ரெண்டு பெட்டி அலமாரியிலேயே கிடக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இனி யாருக்குக் குடுக்கிறது?"

நோட்டில் கடைசி வரியாக 'கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். யார் என்று எழுத அதற்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.