வலை இல்லாத படகு

சர்ச் வாசலில் வெர்லன் என் தோளைத் தட்டி, "சனிக்கிழமை மீன் பிடிக்க வர்றியா?" என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஐம்பத்தெட்டு வயது ஆள், ஊர் பார்க்க அழக் கூடாது. மூக்கைச் சிந்துவது போலப் பாவனை செய்து சமாளித்தேன்.

இருபத்திரண்டு வருஷமாக அவன் படகின் பின் சீட் என்னுடையது. போன மார்ச்சில்தான் பறிபோனது. அன்றைக்கு அவன் ஒரு பெரிய பாஸ் மீனைப் படகின் ஓரம் வரை இழுத்து வந்துவிட்டான். மீனை அள்ளித் தூக்கும் கைவலையைத் தலைப்பக்கமாகப் போட வேண்டும். நான் அவசரத்தில் வால்பக்கமாகப் போட்டேன். வாயிலிருந்து வெளியே தொங்கிய தூண்டில் முள் வலையில் சிக்கியது. மீன் ஒரே உதறாக உதறிவிட்டுப் போயே போய்விட்டது. எங்கள் கென்டகி ஏரிப் பக்கத்தில் நண்பனின் லாரியைக் கொண்டுபோய் மரத்தில் மோதினாலும் மன்னிப்பு உண்டு. நண்பனின் மீனை வலையால் தட்டிவிட்டால் கிடையாது.

அன்றைக்கு எட்டு பவுண்டு இருந்த அந்த மீன், முடிவெட்டும் கடையில் ஒன்பது பவுண்டு ஆனது. தீவனக் கடையில் பத்து. கிறிஸ்துமஸ் வருவதற்குள் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அது எவ்வளவு வேண்டுமானாலும் வளரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் சீட்டில் வருஷம் முழுக்க அவன் மச்சான் டென்வர் உட்கார்ந்திருந்ததுதான் வயிற்றெரிச்சல். சனிக்கிழமை தவறாமல் பட்டறையில் தனியாக உட்கார்ந்து ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது டென்வருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் எனக்கு அழைப்பு. இந்த ஒரு நாள் ஒழுங்காக நடந்துகொண்டால் சீட் திரும்பக் கிடைக்கலாம். சொதப்பினால் இனி ஜென்மத்துக்கும் கிடையாது.

சனிக்கிழமை விடிந்ததும் படகை இறக்கும் துறைக்குப் போனேன். புல்லெல்லாம் பனி உறைந்து வெளுத்திருந்தது. வெர்லன் படகைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தயாராக நின்றான். நான் ஏறியதும் முதலில் கண்ணால் தேடியது வலையை. காணவில்லை.

"வலை எங்கடா?"

"கொண்டு வரல."

"மறந்துட்டியா?"

"மறக்குறதா? வலை இருந்தா உன் கை சும்மா இருக்குமா? உன்னைக் கூப்பிட்டது பின்னாடி கனம் வேணும்னுதான். உக்காரு."

"என்னையும் மணல் மூட்டையையும் ஒண்ணாக்கிட்ட."

"மணல் மூட்டை என் மீனைத் தட்டி விடலையே!"

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி வாண்டா வற்புறுத்தியதால் மிதவைச் சட்டையை வேறு போட்டிருந்தேன். அதைப் பார்த்து அவன், "குளிக்கப் போறியா?" என்று கேட்டான். வாரை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு நான் தங்கமான பிள்ளை.

ஏரிக்குக் குறுக்கே போகும் சாலையின் அடியில் கருங்கல் கொட்டிய கரை இருக்கிறது. மார்ச் வெயிலில் அந்தக் கல்தான் முதலில் சூடாகும். கல்லிடுக்கிலிருந்து சிவப்பு இறால் வெளியே வரும், அதைத் தின்ன முட்டை வயிற்றோடு பாஸ் மீன் வரும். அதனால் நாங்கள் எல்லோரும் இந்தப் பருவத்தில் தூண்டிலில் சிவப்பாக ஒரு பொய் மீனைத்தான் கட்டுவோம். அதன் அடியில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு கொத்து முள் தொங்கும். வெர்லன் முன்பக்கத் தட்டில் நின்று, சிறிய மோட்டாரைக் காலால் மிதித்துப் படகைக் கரையோரமாகவே நகர்த்தினான். நான் பின்னாலிருந்து அவன் விட்டுவைத்த இடங்களில் வீசினேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுமில்லை. வாண்டா கொடுத்தனுப்பிய சாசேஜ் ரொட்டியை ஆளுக்கு இரண்டு தின்றோம். காபி தீர்ந்தது. பிறகு எனக்கு ஒன்று மாட்டியது. இரண்டு பவுண்டு இருக்கும்.

"ஆரம்பிச்சு வச்சிட்டேன் பாரு," என்றேன்.

"அதை அதோட அம்மாகிட்ட விட்டுடு. தேடப் போறா," என்றான் வெர்லன்.

அவன் கிண்டல் செய்ததும் எனக்கு உயிர் வந்தது. ஒரு வருஷமாக அவன் என்னைக் கிண்டல்கூடச் செய்யவில்லை.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அவன் தூண்டில் கோல் வளைந்தது. சும்மா இல்லை, கைப்பிடி வரைக்கும் வளைந்தது. அதே நேரம் காற்றும் பிடித்துக்கொண்டு படகைக் கல்லை நோக்கித் தள்ளியது. மோட்டாரிலிருந்து காலை எடுத்தால் படகு கல்லில் மோதும். எடுக்காவிட்டால் மீனிடம் போக முடியாது. மீன் படகுக்கு அடியில் புகுந்து நேராக என் பக்கம் வந்து எழும்பியது. அம்மாடி, என்ன உடம்பு!

"வலை! வலையை எடுடா!" என்று கத்தினான்.

"எந்த வலை?"

அவன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கோபமெல்லாம் போய்க் கெஞ்சலாகிவிட்டது.

"கார்லண்ட்... கையால பிடிச்சிடுறா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

குப்புறப் படுத்து இரண்டு கையையும் தண்ணீரில் விட்டேன். பாஸ் மீனைக் கீழ்த்தாடையில் கட்டைவிரலை விட்டுத்தான் பிடிக்க வேண்டும். முதல் தடவை நழுவியது. பின்னாலிருந்து வெர்லன் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது தடவை பிடித்துவிட்டேன். பிடித்த மறுகணம் அது தலையை உதறியது. வெளியே தொங்கிய முன்முள் என் சட்டைக் கையைக் கவ்விக்கொண்டது. இப்போது மீனும் நானும் ஒரே தூண்டிலில் இருந்தோம்.

அப்போது பார்த்துப் படகு கல்லில் மோதியது. நான் தலைகுப்புற ஏரிக்குள் போனேன்.

மார்ச் தண்ணீர் நெஞ்சில் மிதித்தது மாதிரி இருந்தது. மூச்சு வரவில்லை. கால் தரையைத் தொடவில்லை. மிதவைச் சட்டை என்னை மேலே தூக்கியது, வாண்டா நன்றாக இருக்கட்டும். வலது கையில் மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. இடது கை படகைத் தேடியது, வழுக்கியது.

படகில் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீரில் ஏதோ விழுந்தது. வெர்லனின் தலை மேலே தெரிந்தது.

"மீனை விடுடா! விட்டுத் தொலைடா! ரெண்டு கையையும் குடு!"

நான் விடவில்லை. முட்டாள்தனம்தான். ஆனால் இந்த ஜென்மத்தில் அவனுடைய இரண்டாவது மீனையும் தொலைக்க எனக்குத் தெம்பில்லை. மீனைத் தூக்கிப் படகுக்குள் நீட்டினேன். அவன் மீனைத் தொடாமல் என் சட்டைக் காலரைப் பிடித்தான். கெட்ட வார்த்தையாகத் திட்டிக்கொண்டே எங்கள் இருவரையும் சேர்த்து உள்ளே இழுத்துப் போட்டான்.

தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்திப் பரபரவென்று தேய்த்தான். மீன் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தது, அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானே பல் கிட்டிக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

"மீ... மீன் கா... காயுதுடா."

அப்புறம்தான் எடை போட்டான். எட்டு பவுண்டு, இரண்டு அவுன்ஸ். ஒரு படம் எடுத்துக்கொண்டு, முட்டைக்காரியைத் தண்ணீரில் விட்டோம். அவள் வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போனாள்.

"கோல் எங்கடா?" என்றேன்.

வெர்லன் கையைப் பார்த்தான். மகன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கோல் அது. என்னை நோக்கி ஓடி வரும்போது ஏரியில் விட்டுவிட்டான். அவன் முகம் தொங்குவதற்குள் நான் என் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினேன். முள் அங்கேயே மாட்டியிருந்தது, அதிலிருந்து தூண்டில் நரம்பு தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. கைமாற்றிக் கைமாற்றி இழுத்தோம். கோல் பாசி சுற்றிக்கொண்டு மேலே வந்தது. இருவரும் படகின் அடியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கரைக்குத் திரும்பியதும் தூண்டில் கடையில் என்னை ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்து, கடைக்காரி நெல்டா சூடாகக் காபி கொடுத்தாள். வெர்லன் நடுவில் நின்று ஊரைக் கூட்டிவிட்டான்.

"இவன் உள்ள விழுந்துட்டான். நான் மேலேருந்து கத்தறேன், 'டேய், உயிரே போனாலும் மீனை விடாதடா!'ன்னு. விட்டானா பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் காபியைக் குடித்தேன். திருத்தவில்லை. எனக்கு என்ன கேட்டது என்பது எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் வெர்லன் தன் வண்டியின் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ இழுத்தான். கைவலை. காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. அதை என் வண்டி ஜன்னல் வழியாக உள்ளே திணித்தான்.

"அடுத்த சனிக்கிழமை இதை மறந்துட்டு வந்த, கொன்னுடுவேன்."

"டென்வர்?"

"அவனுக்கு முதுகு சரியாக நாளாகும். அஞ்சாறு வருஷம் ஆகும்."

வலையின் பிடி நீளம், ஜன்னலை மூட முடியவில்லை. ஈரச் சட்டையோடு, குளிர்காற்று முகத்தில் அடிக்க, வீடு வரைக்கும் அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன்.