மிஸிஸ் ஹாரிஸ் இரண்டாம் தரம் வந்த நாள்

நகரக் கவுன்சிலில் இருந்து ஆள் வருகிறது என்று தெரிந்ததும் சிவனேஸ்வரி செய்த முதல் வேலை வீட்டைக் கழுவியது. இரண்டாவது வேலை, கட்லட்டுக்குக் கிழங்கு அவித்தது.

உதவி கேட்டது அவள்தான். கணவர் விக்னராஜா ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு நாலைந்து சொல்லுக்குள் சுருங்கிவிட்டது. காதும் புத்தியும் மட்டும் பழையபடியே இருந்தன. எழுபத்து நாலாம் ஆண்டு இருவரையும் மெல்பேர்னுக்குக் கூப்பிட்ட மகனை, இரண்டு வருடம் போக, கம்பனி மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வருவான். மற்ற நாளெல்லாம், டண்டினொங் ரயில் பாதையோரம் இருந்த அந்த வீட்டில், அறுபத்தாறு வயது மனுசி தன்னைவிட இரண்டு மடங்கு பாரமான ஆளைத் தனியாகப் புரட்டித் துடைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

டொக்டர் அவளுடைய முதுகைப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். அரசாங்கக் காசில் கவுன்சில் வீட்டுக்கு ஆள் அனுப்பும், நான் கடிதம் தருகிறேன், அது கிடைக்காவிட்டால் குளிர்காலம் முடிவதற்குள் இவரை நேர்சிங் ஹோமில் விடவேண்டிவரும் என்றார். அந்த இடத்தில் தமிழில் தண்ணீர் கேட்டால் விளங்கிக்கொள்ள ஒருத்தர் இல்லை.

இவ்வளவும் தெரிந்த மனுசிதான், பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி எல்லாவற்றையும் மினுக்கி வைத்தாள். மூத்திரச் சட்டியும் நனைந்த துணிகளும் கராஜுக்குப் போயின. கணவருக்குச் சவரம் செய்து, நீறு பூசி, வெள்ளைச் சேர்ட் போட்டு, முதுகுக்கு மூன்று தலையணை வைத்துக் கதிரையில் இருத்தினாள்.

உதவி தேவையா என்று பார்த்து எழுத, கவுன்சிலின் மிஸிஸ் ஹாரிஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். குளிக்க வார்ப்பது கஷ்டமா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றாள் சிவனேஸ்வரி. நித்திரை கொள்கிறாயா? நன்றாகக் கொள்கிறேன். கழிவறைக்கு எப்படிப் போகிறார்? அதெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார்.

பச்சைப் பொய். ஆனால் முதல் தரம் வீட்டுக்கு வந்த ஒருத்தியிடம், புருஷன் படுக்கையிலேயே போகிறார் என்று எங்களில் எந்தப் பெண் வாய் திறந்து சொல்லுவாள்? மிஸிஸ் ஹாரிஸ் நாலு கட்லட் சாப்பிட்டு, செய்முறையும் எழுதிக்கொண்டு போனாள். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. குடும்பம் மிகச் சிறப்பாகச் சமாளிக்கிறது, தற்போது உதவி தேவையில்லை.

கடிதம் வந்து மூன்றாம் நாள் காலையில் அவரைப் புரட்டும்போது இருவரும் தரையில் விழுந்தார்கள். அவர் அவளுடைய காலுக்கு மேல் கிடந்தார். காலை இழுத்தெடுத்து, தவழ்ந்துபோய் டெலிபோனைப் பிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ரஞ்சினி, நேர்ஸ் வேலை பார்ப்பவள், ஓடி வந்து இருவரையும் தூக்கினாள். பிறகு குசினி மேசையில் கிடந்த கடிதத்தை வாசித்தாள்.

"அன்ரி, அவ விருந்துக்கே வந்தவ?"

"வீட்டுக்கு வந்த ஆளுக்கு வெறும் தேத்தண்ணியோ குடுக்கிறது?"

"உங்களால ஏலாது எண்டு அவ எழுதினால்தான் ஆள் வரும். நான் கதைச்சுத் திருப்பிக் கூப்பிடுறன். இந்தமுறை ஒண்டையும் ஒளிக்காதேங்கோ. எல்லாத்தையும் சொல்லுங்கோ."

"அவருக்குக் கேக்குமே, பிள்ளை."

ரஞ்சினி கடிதத்தில் இருந்த நம்பரைப் பார்த்து டெலிபோனைச் சுழற்றினாள்.

மிஸிஸ் ஹாரிஸ் இரண்டாம் தரம் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. விக்னராஜா ஆறு மணிக்கே படுக்கையை நனைத்துவிட்டார். சிவனேஸ்வரி வழக்கம்போலத் துணியை எடுத்தாள். எடுத்தவள் அதைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். மெல்பேர்னின் ஆகஸ்ட் மாதக் குளிர். அவர் இடக்கையால் போர்வையை இழுத்து இழுத்துப் பார்த்தார். தொண்டையால் சத்தம் போட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்று கதவடியில் நின்று சொன்னாள். தண்ணீர் சுடவைக்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சத்தம் போடாமல் காத்திருந்தார்.

பத்து மணிக்கு மிஸிஸ் ஹாரிஸை நேரே படுக்கையடிக்குக் கூட்டிப்போய்ப் போர்வையை விலக்கிக் காட்டினாள். நாற்பத்து நாலு வருடம் அந்த மனிதரின் தலையிடியைக்கூட அயலுக்குச் சொல்லாதவள், கான்வென்ட் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை தரம் நனைக்கிறார், எப்படி மலம் எடுக்கிறாள், எப்படிப் பிள்ளை மாதிரி அழுகிறார். தொடங்கிய வாய் நிற்கவில்லை. போன மாதம் நல்ல கையால் அவர் தன் முகத்தில் அடித்ததைச் சொன்னாள். தானும் திருப்பி அடித்ததைச் சொன்னாள். அதைச் சொல்ல அவள் நினைத்திருக்கவேயில்லை. விக்னராஜா கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் தரமே இதைச் சொல்லியிருக்கலாமே என்றாள் மிஸிஸ் ஹாரிஸ். படிவத்தின் பின்பக்கத்திலும் எழுதினாள்.

உதவி கிடைத்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஐலீன் என்ற பெண் வந்தாள். பலத்த கையும் மெல்லிய குரலும் உள்ளவள். நேர்சிங் ஹோம் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. முதல் செவ்வாய் சிவனேஸ்வரி ஒரு மணித்தியாலம் செத்த ஆள் மாதிரித் தூங்கினாள். எழும்பியபோது சந்தோஷமாக இருந்தது. அவருக்கு விருப்பமான ரவைக் கஞ்சியைக் காய்ச்சிக்கொண்டு போனாள்.

அவர் வாயைத் திறக்கவில்லை. மிஸிஸ் ஹாரிஸ் வந்துபோனதில் இருந்து சாப்பாடு குறைந்துகொண்டு வந்து, முந்தின இரண்டு நாளும் தண்ணீர் மட்டும் குடித்திருந்தார்.

"இஞ்சேருங்கோ, உங்களை ஒரு இடமும் விடாமல் என்னோட வைச்சிருக்கத்தானே இவ்வளவும் சொன்னனான்."

அவர் வெகுநேரம் சொற்களைத் தேடினார். ஐலீன் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"சொன்னது... பறவாயில்லை," என்றார். "ஈரத்தில... வேணுமெண்டு... விட்டனீர்."

சிவனேஸ்வரி கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். ஐலீன் கோப்பையை மெதுவாக வாங்கிக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தாள். விக்னராஜா அவளுக்கு வாயைத் திறந்தார். முழுக் கோப்பையும் சாப்பிட்டார்.

சிவனேஸ்வரி குசினிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐலீன் இனி வெள்ளிக்கிழமைதான் வருவாள்.