யாருக்கென்று கேட்காத கடன்

ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். கல்முனைக்குடி அச்சிமுகம்மதுவின் தம்பி பர்ஹான் கொடுக்க வேண்டியிருந்த கடன் அவ்வளவுதான். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் தெரியாது.

சுனாமி அலை வருவதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகிற வழியில் பர்ஹான் அண்ணனிடம் சொன்னான்: “காக்கா, பாண்டிருப்பில ஒரு மனிசனுக்கு ஏழாயிரத்து முந்நூத்தம்பது குடுக்கணும். திங்கக்கிழமை மீன்காசு வந்ததும் முதல்ல அத முடிக்கணும்.” காலையெல்லாம் சீமெந்து குழைத்த களைப்பில் அச்சிமுகம்மது “ம்” என்றார். யாருக்கு என்று ஒரு சொல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடல் பர்ஹானைக் கொண்டுபோனது. மையித்துக் கிடைக்கவில்லை, அடக்க உடலில்லாமல் போனது.

அவர் தேடாமல் இருக்கவில்லை. பாண்டிருப்பில் காசு கடன் கொடுக்கிறவர்கள் என்று பேர்பெற்ற அத்தனை பேரிடமும் போனார். எல்லாரும் இல்லை என்றார்கள். ஒருவன் மட்டும் “எனக்குத்தான், நாற்பதாயிரம்” என்றான். கடன் கொடுத்தவரின் பேரில் தர்மமாகச் சதக்கா கொடுத்துவிடச் சொன்னார் மௌலவி. அதையும் கொடுத்தார். ஆனாலும், கடன் தீராமல் செத்தவனின் றூஹு அந்தரத்தில் நிற்கும் என்று சின்ன வயதில் கேட்ட பேச்சு அவரை விடவில்லை. சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் வாசல் சீமெந்தில் ஈரக்கால் பதிந்தது போலக் கிடக்கும். பனியாக்கும் என்று காலால் துடைத்துவிட்டு நடப்பார். இப்படியே இருபது வருடம்.

இந்த வருடம் கல்முனைக்கு நாடகக்காரர் வந்தார்கள். எலெனி என்ற கிரேக்கப் பெண்ணும் அவளுடைய ஆட்கள் மூவரும். அவர்கள் நாட்டின் மிகப் பழைய நாடகம் ஒன்றை இங்குள்ள தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை வைத்து, இந்தக் காலத்துக்குப் பொருந்த மாற்றிப் போடுவதாகத் திட்டம். சண்டையில் செத்த அண்ணனை அடக்கக் கூடாதென்று அரசன் சட்டம் போடுகிறான். தங்கை அதை மீறி அடக்கப் போகிறாள். அதுதான் கதை.

மேடைக்குப் பலகை அடிக்க வந்த அச்சிமுகம்மதுதான் அந்த அண்ணனின் பிரேதப் பொம்மையையும் செய்தார். தூக்கினால் பாரம் தெரிய வேண்டும் என்றாள் எலெனி. சாக்கில் கடல் மணல் அடைத்தார். நீளம் எவ்வளவு என்று கேட்டபோது யோசிக்காமல் அஞ்சரை அடி என்றார். சொன்ன பிறகுதான் அது பர்ஹானின் உயரம் என்பது உறைத்தது. பிரேதத்துக்கு வெள்ளைத் துணி தைத்தவள் பாண்டிருப்புச் செல்லத்தங்கம். கணவனை அலையில் பறிகொடுத்தவள். நாடகத்துக்கு உடுப்புத் தைக்க வந்திருந்தாள்.

“காக்கா, உங்கட பிரேதத்துக்கு வயிறு கூடிப்போச்சு. என்னத்தக் குடுத்து வளத்தீங்க?”

“உங்கட துணிதான் காணாது புள்ள. அளந்து வெட்டத் தெரியாம என்ர பிரேதத்தக் குறை சொல்றீங்க.”

பகலில் இப்படிச் சிரிப்பார்கள். காலையில் வந்து பார்த்தால் பிரேதத்தின் அடியில் பலகை நனைந்திருக்கும். உப்பு மணல் நீர் விடும் என்பது கொத்துவேலைக்காரனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்தப் பலகையை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

ஊராரைக் கூப்பிட்டு ஒத்திகை காட்டிய அன்று பின்னேரம், அடக்கும் காட்சியில் எலெனி கையைத் தட்டி நிறுத்தினாள். அவள் சொன்னதை, மொழிபெயர்க்க வந்திருந்த காரைதீவுத் தர்சிகா தமிழில் சொன்னாள்: “அடக்க முதல் உங்கட ஊரில என்ன சொல்லுவீங்க எண்டு கேக்கிறா.”

அண்ணனின் கூட்டாளியாக நடித்த அப்ராஸ் முன்னுக்கு வந்து கத்தினான்: “மவுத்தானவர் ஆருக்காவது கடன்பட்டிருந்தா எங்களோட கதைச்சிக்கோங்க!” சனம் சிரித்தது.

அச்சிமுகம்மது சுத்தியலைப் போட்டுவிட்டு மேடையில் ஏறினார். “டேய், சூரை மீனா கூவி விக்கிறாய்? சொந்தக்காரன் நெஞ்சு நடுங்கிச் சொல்லுற சொல்லுடா அது.”

“அப்ப நீங்க சொல்லிக் காட்டுங்க சாச்சா.”

பிரேதத்தின் தலைமாட்டில் நின்றார். வெள்ளைத் துணியில் ஈரம் ஊறியிருந்தது. எப்படிச் சொல்வது என்று காட்டத்தான் வாயைத் திறந்தார்.

“மவுத்தாப்போன என்ர தம்பி பர்ஹான், பாண்டிருப்பில ஒரு ஆளுக்கு ஏழாயிரத்து முந்நூத்தம்பது ரூவா குடுக்கணும். அந்த ஆள் என்னோட கதைங்க, நான் தாறன். இல்லாட்டி அல்லாஹ்வுக்காக ஹலாலாக்கி உட்டுக் குடுங்க.”

நாடகத்து அண்ணனுக்கு அந்தப் பேர் இல்லை. தர்சிகா மொழிபெயர்க்காமல் நின்றாள். உடுப்புக் கூடையை மடியில் வைத்திருந்த செல்லத்தங்கம் எழும்பினாள்.

“எவ்வளவு எண்டீங்க?”

“ஏழாயிரத்து முந்நூத்தம்பது.”

“அது வலைக் காசு” என்றாள். “என்ர மனிசன் நல்லரெத்தினம் வலைக் கடை வச்சிருந்தவர். என்ர காப்பு அடகில கிடந்த நேரம். கல்முனைக்குடிப் பொடியன் ஒருத்தன் வலை எடுத்திருக்கான், ஏழாயிரத்து முந்நூத்தம்பது வந்தா காப்ப மீட்டுத் தாறன் எண்டார். பிறகு கடையுமில்ல, அவருமில்ல. பொடியன்ர பேரை அவர் சொல்லல்ல. நானும் கேக்கல்ல.”

இருபது வருடமும் அச்சிமுகம்மது காசு கொடுத்தவனைத் தேடினாரே தவிர, சாமானைக் கடனுக்கு விட்ட கடைக்காரனை நினைக்கவேயில்லை.

“அந்தப் பொடியன நான் ஏசாத நாளில்ல காக்கா. எங்கயோ உசிரோட இருந்துகொண்டு ஏமாத்துறான் எண்டு விளக்கு வைக்கிற நேரமெல்லாம் ஏசினன்.”

“அவனுக்குக் கேட்டிருக்கும் புள்ள.”

“விட்டுக் குடுங்க அக்கா, மவுத்தானவருக்காக” என்றான் அப்ராஸ்.

செல்லத்தங்கம் அவனைப் பார்த்தாள். “விட்டுக் குடுக்க நான் ஆரு? அது என்ர மனிசன்ர காசு. தாங்க காக்கா.”

மத்தியானம் வாங்கிய இரண்டு நாள் கூலியை அச்சிமுகம்மது சாரன் மடியிலிருந்து எடுத்தார். ஏழாயிரத்து ஐந்நூறு இருந்தது. “காப்பு இப்ப என்ன விலைக்குப் போகுது?” என்று கேட்டார்.

“காப்பு விலை உங்களிட்ட கேட்டனா? வலைக் காசத் தாங்க.”

எல்லாவற்றையும் அவள் கையில் வைத்தார். அவள் எண்ணினாள். பிறகு சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து நூற்றைம்பது ரூபாயை நீட்டினாள்.

“இருக்கட்டும் புள்ள.”

“ஒரு சதம் கூட எடுத்தாலும் இனி நான் கடன்காரி. பிடிங்க.”

அவர் வாங்கிக்கொண்டார்.

“கணக்குச் சரி” என்றாள் செல்லத்தங்கம். “என்ர மனிசன் கேட்டா, பொடியன் தந்திட்டான் எண்டு சொல்லுவன்.”