சுற்றாத ஃபிலிம்

ரோவீனாவின் பையில் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று டிஜிட்டல், மற்றொன்று ஃபிலிம். இறந்து பிறக்கும் குழந்தைகளைப் படமெடுத்து, பெற்றவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுக்கும் குழுவொன்றில் ஆறு வருடமாக இருக்கிறாள். குழுவில் கறாரான விதி ஒன்று உண்டு: டிஜிட்டலில் மட்டும்தான் எடுக்க வேண்டும். அந்த விதியை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை என்பது அன்று பிற்பகல்தான் அவளுக்கு உறைத்தது.

காலையில் அறைக்குள் நுழைந்ததுமே கோரி பையை எட்டிப் பார்த்தான். குழந்தையின் அப்பா. சால்மன் மீன் பண்ணையில் வேலை, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தான்.

"அந்தப் பழசு ஃபிலிம் கேமராதானே? அதுலயே எடுங்க. என் பொண்டாட்டி டீகன் வயித்தோட இருந்த படமெல்லாம் என் ஃபோன்லதான் இருந்துச்சு. போன மாசம் மீன் கூண்டுக்குள்ள விழுந்து ஒண்ணுகூட மிஞ்சல. இவன் படமாவது கையில புடிக்கிற மாதிரி இருக்கட்டும்."

மருத்துவச்சி நோரீன் ஓரமாக வந்து முணுமுணுத்தாள். "ரோ, வேண்டாம். விதி தெரியும்ல?"

"முப்பது வருஷமா எடுக்கறேன். என்னை நம்பு."

அவளுக்கும் உள்ளூர அதே ஆசைதான். கேமரா கிளப்பில் டிஜிட்டல்காரர்களை வாரு வாரென்று வாருகிறவள். 'நீங்க சுட்டுத் தள்ளறீங்க, நான் படம் எடுக்கறேன்' என்பாள். அதோடு, ஏழாம் மாதம் மூச்சில்லாமல் வந்த பிள்ளையின் தோல் அங்கங்கே கன்றியிருந்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிம் அதைப் பெரிதாகக் காட்டாது. இரண்டிலும் எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஃபிலிம்காரர்களின் திமிர் உங்களுக்குத் தெரியாது.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ரோலைப் போட்டாள். மூடி சாத்தும் சத்தம் டீகனுக்குக் கேட்கக் கூடாதென்று அவசரம் வேறு. மூடியபின் லீவரை ஒருமுறை தள்ளி ஃபிலிமைச் சுற்றி, இடப்பக்கக் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபிலிம் பிடித்துக்கொண்டது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். அந்த நேரம் பார்த்து, குழந்தையின் முகத்தையே பார்த்திருந்த டீகன் சொன்னாள்:

"இங்க பாருங்களேன், ஜெத்ரோவுக்கு அவங்கப்பா தாடை."

ரோவீனா திரும்பிப் பார்த்தாள். குமிழைப் பார்க்கவில்லை.

எடுத்தாள். கைவிரல், காது, அப்பாவின் உள்ளங்கையில் இரண்டு பாதம், அம்மாவின் கழுத்தடியில் சாய்ந்த தலை. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பழக்க தோஷத்தில் கேமராவின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே திரையா இருக்கிறது, வெறும் தோல். அத்தனை பேச்சுப் பேசுகிறவளுக்கும் கை டிஜிட்டலாகத்தான் மாறியிருந்தது. கேமராவின் எண் முப்பத்து மூன்றைத் தொட்டபோது டீகன் அழத் தொடங்கினாள். போதுமென்று ரோவீனா நிறுத்திக்கொண்டாள்.

ஒரு ரோலுக்கு முப்பத்து ஆறு படம்; மிச்சத்தைக் காரில் உட்கார்ந்து முடித்தாள். துறைமுகத்து மரச்சிராய்க் குவியலை எடுத்தாள். முப்பத்து நான்கு. ஒரு கடற்பறவை. முப்பத்து ஐந்து. முப்பத்து ஆறு. முப்பத்து ஏழு. சில ரோல்களில் ஒன்று அதிகம் வரும். முப்பத்து எட்டு. ரோல் முடிந்தால் இறுக வேண்டிய லீவர் வெண்ணெய் போல நகர்ந்தது. முப்பத்து ஒன்பது. நாற்பது.

திருப்பிச் சுற்றும் குமிழைத் திருகினாள். துளி இறுக்கம் இல்லை. மூடியைத் திறந்தாள். ஃபிலிமின் நாக்கு, அவள் வைத்த இடத்திலேயே நீட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு படமும் இல்லை. ஜெத்ரோ எங்கேயும் இல்லை.

'ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்' என்று வாய்விட்டே சொன்னாள். மணி ஒன்றரை. இரண்டு மணிக்கு இறுதிச் சடங்குக்காரர்களின் கார் வரும். பேசாமல் போய்விடலாம். ஃபிலிம் மெல்பர்னுக்குக் கழுவப் போகிறது. தபாலில் தொலைந்தது, லேபில் கெட்டது என்று அடுத்த வாரம் எதையாவது சொன்னால் நம்பத்தான் போகிறார்கள். அப்படி நினைத்ததற்காகத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. டிஜிட்டலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வராந்தாவில் நோரீன் கையை நீட்டி மறித்தாள். "எங்க போற? கடைசி முத்தம் கொடுத்து, போர்த்தி, உடம்பு கெடாம இருக்கக் குளிர்தொட்டில்ல விட்டாச்சு. அந்தப் பொண்ணு அரை மணி நேரம் அவனை விடல. மறுபடியும் பிடுங்கச் சொல்றியா?"

"படம் இல்ல, நோரீன். ஒண்ணுகூட இல்ல."

நோரீன் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு மறித்த கையை எடுத்தாள்.

டீகன் கோட்டுப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரோவீனா நின்றபடியே சொன்னாள். "ஃபிலிம் சுத்தவே இல்ல கண்ணு. நான் சரியா மாட்டல, சரிபார்க்கவும் இல்ல. முழுக்க என் தப்பு."

"நான்தான் கேட்டேன்," என்றான் கோரி. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். "நான் கெட்ட கேட்டுக்கு ஃபிலிம் கேட்டேன். அவங்க டிஜிட்டல்ல எடுக்கத்தான் வந்தாங்க, நான்தான்..."

டீகன் அவனைப் பார்க்கவில்லை. ரோவீனாவையும் நோரீனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ அவனைத் திரும்பக் கொண்டு வருவீங்களா?"

நோரீன் போய்க் கொண்டு வந்தாள்.

குழந்தை முன்பைவிடக் குளிர்ந்திருந்தான். டீகன் கோட்டின் பொத்தானை அவிழ்த்து உள்ளே வைத்துக்கொண்டாள். ரோவீனா டிஜிட்டலில் எடுத்தாள். விரல், காது, பாதம், எல்லாவற்றையும் மறுபடி. ஒவ்வொன்றும் பளிச்சென்று வந்தது. வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. திரையைத் திருப்பிக் காட்டினாள். கோரி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"எல்லாம் வந்திருச்சு கண்ணு. இனிமே பயமில்ல."

டீகன் திரையைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் தலைமேல் முகத்தை வைத்திருந்தாள்.

"நிச்சயமா வந்திருச்சா?"

"நிச்சயமா."

"ஒண்ணுகூடக் கெட்டுப் போகலையா? நல்லாப் பாருங்க."

ரோவீனா பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு படம். ஒன்றில்கூடக் குறை இல்லை. நோரீன் வாசலில் நின்ற சடங்குக்காரர்களைக் கையால் தடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது கொஞ்சம் ஆடியிருக்கு," என்றாள் ரோவீனா. "இதுவும் சரியில்ல. முதல்ல இருந்து எடுத்துடலாம்."