படியாத நூல்கள்

2019ஆம் ஆண்டு மார்ச் பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, புறவழிச்சாலையில் எங்கள் பழைய காரை மகள் ஓட்டினாள். அவளருகே என் கணவர் அமர்ந்திருந்தார். நான் பின்னிருக்கையில் பின்பக்கமாகத் திரும்பி அமர்ந்திருந்தேன்.

கூரையின் பின்விளிம்பில் அவர் தம் கையால் செய்த ஸ்பாய்லர் பொருத்தப்பட்டிருந்தது. கூரையைக் கடக்கும் காற்று வண்டிக்குப் பின்னால் சுழன்று அதை இழுக்காமலிருக்க, கண்ணாடிபோன்ற அக்ரிலிக் பலகையை அனலில் வாட்டி வளைத்திருந்தார். பெயர்ப்பலகை செய்து பிழைத்தவர். ஓராண்டாக அவர் கண்களுக்கு எல்லாம் நிழலாகவே தெரிந்தன. விரலால் தடவியே வளைத்தார், இருமுறை சுட்டுக்கொண்டார். அதனால் மகள் ஒரு நிபந்தனை விதித்தாள்: இது சரிவராவிட்டால் கருவிகளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். அவரும் சம்மதித்துவிட்டார்.

இந்த வண்டிக்கு றெக்கை வைத்தாலும் பறக்காது என்று அவள் கேலி செய்தாள். பறக்க வேண்டாம், பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்துக் குடித்தால் போதும் என்றார் அவர்.

பலகையின்மேல் என் கம்பளி நூல்களை வெட்டி ஒட்டியிருந்தோம்; பின்கண்ணாடி வழியே, பலகையை ஊடுருவி அவை எனக்குத் தெரிந்தன. காற்று ஒட்டிச் சென்றால் நூல் படிந்து கிடக்கும், விலகினால் துள்ளும். வேகம் கூடியது.

"படியுதா?" என்றார்.

நுனி நூல்கள் பேயாட்டம் ஆடின. படிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் கருவிகள் தப்பியிருக்கும். ஆனால் அவர் என் கண்களை நம்பியல்லவா கேட்கிறார்.

"இல்லைங்க. படியலை."

மகள் வேகத்தைக் குறைத்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"எந்த இடத்துல?"

"கூரைகிட்ட ஒழுங்கா படுத்திருக்கு. நுனியிலதான் எழுந்து ஆடுது."

அவர் முகம் மலர்ந்தது. சரிவு கூடிவிட்டது, நுனியை விரலளவு தூக்கினால் போதும் என்றார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

"ஒரு வருஷமா எதைக் கேட்டாலும் ரெண்டு பேரும் நல்லாயிருக்குன்னே சொல்றீங்க. இன்னிக்குத்தான் எனக்கு ஒழுங்கா ஒரு பதில் கிடைச்சிருக்கு."

மகள் வண்டியை ஓரங்கட்டினாள். அவருடைய சூடுபட்ட விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"வாட்டுறது மட்டும் நான்ப்பா."

"நீ கருக்கிடுவடி."

"கருக்கினா திட்டுங்க."

வீடு திரும்பியதும் முடிவானது இது: கருவிகள் வீட்டிலேயே இருக்கும். வளைவை அவர் தடவிச் சொல்வார். மகள் அனலில் வாட்டுவாள். நூல்களைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்வது என் பொறுப்பு. அடுத்த ஞாயிறு மறுபடியும் ஓட்டிப் பார்ப்போம்.