அழைப்பாணையில் இல்லாத பெயர்

களப்பில் வெடி போட்டு மீன் பிடிப்பவர்களை விசாரிக்க நாடாளுமன்றத் தெரிவுக்குழு வவுனியாவுக்கு வருகிறது, இன்னாசித்தம்பி வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று அழைப்பாணை வந்தபோது சுசிலா அதை இரண்டு தரம் வாசித்தாள். அவளுடைய புருசன் எதையும் காணவில்லை. கண்டவள் அவள்.

தாயின் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை இன்னாசித்தம்பி தண்ணீரில் இறங்கவில்லை. கொக்கிளாயில் துக்க வீட்டுக்காரனின் முறைக்கு அயலவன் வலை போடுவான். மீன் துக்க வீட்டுக்குப் போகும். மீனவர் சங்கப் புத்தகத்திலும் அந்த வீட்டுக்காரன் பெயர்தான் இருக்கும். அப்படி ஒருநாள் இன்னாசித்தம்பிக்காக வலை போட்டவன் பக்கத்து வீட்டு றொசான். மீன் எடுக்கப் போன சுசிலா, வெடிக்காரர் மூன்று பேர் அவனைத் தோணி விளிம்பில் சாய்த்து வெட்டிக் கொன்றதைக் கண்டல் பற்றைக்குள் நின்று பார்த்தாள். தண்ணீர் கரைவரை சிவந்தது. கண்டதை மூச்சும் விடாதே என்று இன்னாசித்தம்பி அவளிடம் சொல்லியிருந்தான். குழுவோ புத்தகத்தை எடுப்பித்து, அதிலிருந்த பெயருக்கு ஆணை அனுப்பிவிட்டது.

சேதி வெடிக்காரருக்கும் எட்டியது. அக்கரை ஆட்களான அவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. மத்தியானம் வந்தார்கள். இன்னாசித்தம்பியை முற்றத்தில் முழங்காலில் இருத்தி, களப்பில் என்ன கண்டாய் என்று கேட்டுக் கேட்டு இரும்புக் கம்பியால் அடித்தார்கள். கை முறிந்தது. பிறகு தாடை. தான் போகவேயில்லை என்று சொன்னால், அவன் வீட்டிலிருந்து போனது யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

"ஓம், நான்தான் கண்டனான்," என்றான் அவன். "வேற ஒருத்தரும் இல்லை."

குசினிக்குள் இருந்த சுசிலா மீன் வெட்டும் கத்தியோடு பாய்ந்து, கிட்ட நின்றவனின் தொடையில் இறக்கினாள். அவன் அவளை வாயோடு உதைத்தான். இரண்டு பற்கள் தெறித்தன. அவள் எழும்புமுன் கம்பி புருசனின் மண்டையில் விழுந்துவிட்டது. அயலவர்கள் ஓடிவந்தபோது மோட்டார் சைக்கிள்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரி வழியில், உழவு இயந்திரப் பெட்டிக்குள் அவன் மூச்சு நின்றது.

ஆறாம் நாள் வவுனியாவில், வீங்கிய முகத்தோடு குழுவின் முன் போய் நின்றாள். அழைப்பாணையில் அவள் பெயர் இல்லை, கேட்க முடியாது, வீட்டுக்குப் போகலாம் என்று உத்தியோகத்தர் மெதுவாகச் சொன்னார். சுசிலா புருசனுக்கு வந்த அழைப்பாணையோடு சாட்சிக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஆரையும் கூப்பிடுற அதிகாரம் உங்களுக்கு இருக்கெண்டு இந்தக் கடிதத்தில கிடக்கு, ஐயா. அப்ப என்னைக் கூப்பிடுங்கோ. என்ரை பேர் சுசிலா. றொசானை வெட்டினவங்களைக் கண்டது நான்."

குழுத் தலைவர் அவள் பெயருக்கு ஆணை எழுதப் புதுத்தாள் ஒன்று கேட்டார். அவர்கள் எழுதி முடிக்கும்வரை அவள் அசையவில்லை.