நாலு கோட்டிங் சிவப்பு

நாலு கோட்டிங் அடித்தும் சுவர் சிவக்கவில்லை.

முதல் கோட்டிங்கில் இளஞ்சிவப்பாக இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவதில் வரிவரியாக வந்தது. மூன்றாவதில் திட்டுத்திட்டாக. நாலாவது காய்ந்த பிறகும் ரோலர் ஏறி இறங்கிய தடமெல்லாம், பனியில் போன வண்டியின் சக்கரத் தடம் மாதிரி, அப்படியே தெரிந்தது. கடையில் வாங்கிய வண்ணச் சீட்டில் மட்டும் அந்தக் கிரான்பெரிப் பழச் சிவப்பு ஒரே சீராக, ஆழமாக இருந்தது. சீட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தபடி சாப்பாட்டு அறையின் நடுவில் நின்றாள் ஆர்லீன்.

காபிக் கோப்பையோடு நிலைப்படியில் சாய்ந்திருந்த அவள் கணவன் வெர்ன் சொன்னான்: "ம்... வித்தியாசமா இருக்கு."

எங்கள் டுலூத் ஊரில் யாரும் எதையும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வித்தியாசமாக இருக்கிறது என்பார்கள். அதற்கு மேல் கடுமையான சொல் எங்களிடம் இல்லை.

"இன்னும் காயலை," என்றாள் ஆர்லீன்.

"நேத்தும் இதான் சொன்னே. நேத்து காஞ்சது இன்னிக்கு எப்படி ஈரமாச்சு?"

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"இருக்கு. சனிக்கிழமை மத்தியானம் ஒரு அறைக்குப் பெயின்ட் அடிக்கணும்."

அதுதான் ஒப்பந்தம். ஈஸ்டர் ஞாயிறு விருந்துக்கு வெர்னின் தங்கை பெவர்லி குடும்பத்தோடு வருகிறாள். சனிக்கிழமை மதியத்துக்குள் சுவர் ஒரே சீராக வராவிட்டால், பழைய பாலாடை நிறத்தையே வெர்ன் மேலே அடித்துவிடுவான். அதற்கான டின்னையும் வாங்கி, அவள் கண்ணில் படும்படி நடையில் வைத்திருந்தான்.

அந்த வீட்டில் இருபத்தாறு வருடமாக எல்லாச் சுவரும் பாலாடை நிறம்தான். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். என்றைக்காவது வீட்டை விற்க நேர்ந்தால், வாங்க வருகிறவர் முகம் சுளிக்கக் கூடாதே!

"வாங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க, ஆர்லீன்?"

"இருபத்தாறு வருஷமா அந்த ஆளு வரவே இல்ல, வெர்ன். நாம என்ன அவருக்காக வீட்டைக் காவல் காக்குறோமா?"

அவள் வளர்ந்த வீட்டிலும் வெள்ளைச் சுவர். அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையிலும் வெள்ளை. ஒரே ஒரு அறையில், தானே பார்த்துப் பிடித்த நிறத்துக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. இந்தத் தடவை விட்டால் பெவர்லியின் முன்னால் அது குடும்பக் கதையாகிவிடும். பிறகு சிவப்பு என்ற பேச்சையே எடுக்க முடியாது.

அவள் முறை தவறவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. சுவரைத் தேய்த்து, துடைத்து, ஓரங்களில் டேப் ஒட்டி, அடிப்பூச்சாக நல்ல வெள்ளைப் பிரைமர் ஒரு கோட்டிங் கொடுத்துத்தான் ஆரம்பித்தாள். வெள்ளைத் தாளில்தானே எந்த நிறமும் எடுப்பாகத் தெரியும்?

புதன்கிழமை சாயங்காலம் மேசை விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜன்னலுக்குக் கீழே வந்ததும் விளக்கு நின்றது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். தடம் இல்லை, திட்டு இல்லை. வண்ணச் சீட்டை அதன்மேல் வைத்தால் சீட்டே காணாமல் போயிற்று.

"வெர்ன்! இங்க வா. இந்த இடத்துல என்ன பண்ணே?"

"நானா? நான் எதுக்கு..."

"வெர்ன்."

அவன் கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னான். "உன் முதல் கோட்டிங் காஞ்சதும் ஜன்னல்ல இருந்து இறங்கின பழைய ஈரக்கறை மேல எட்டிப் பாத்துச்சு. நீ வேலைக்குப் போயிருந்தே. கராஜ் கதவுக்கு அடிச்ச சாம்பல் கலர் பிரைமர் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, தடவுனேன். நீ கத்துவியேன்னு மேல உன் சிவப்பையும் ஒரு இழுப்பு இழுத்து விட்டேன்."

"தோத்துப்போகட்டும்னு காத்திருக்கிற ஆளு, திருட்டுத்தனமா எனக்கு உதவி பண்ணியிருக்கே!"

"கறைக்குத்தான் உதவி பண்ணேன். உனக்கில்ல."

அந்த வட்டம் நன்றாக வந்ததற்குச் சாம்பல் காரணமா, அவன் கூடுதலாக இழுத்த சிவப்பு காரணமா? அதைப் பிரித்துப் பார்க்காமல் முழுச் சுவரிலும் கை வைக்க அவள் தயாராக இல்லை. ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து இரண்டு துண்டு எடுத்தாள். ஒன்றில் வெள்ளைப் பிரைமர், ஒன்றில் சாம்பல். வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு கோட்டிங் சிவப்பு, மாலை வந்ததும் இன்னொன்று. இரண்டுக்கும் சரிசமமாக இரண்டே கோட்டிங். வெள்ளை அட்டை, சுவரைப் போலவே வரிவரியாகப் பல்லிளித்தது. சாம்பல் அட்டை முழுச் சிவப்பாக இருந்தது.

காரணம் இதுதான். வெள்ளைப் பெயின்டிலும் பாலாடை நிறத்திலும் ஒரு வெள்ளைப் பொடி நிறைய இருக்கிறது. விழுகிற வெளிச்சத்தை அங்கேயே திருப்பி அனுப்பி, அடியில் இருப்பதை மறைப்பது அதுதான். ஆழமான சிவப்பில் அந்தப் பொடியைச் சேர்த்தால் இளஞ்சிவப்பாகிவிடும். அதனால் சேர்ப்பதில்லை. ஆகவே இந்தச் சிவப்பு ஒரு கண்ணாடித்தாள் மாதிரி. வெளிச்சம் அதற்குள் நுழைந்து, அடியில் உள்ள வெள்ளையில் மோதித் திரும்பி வருகிறது. ரோலர் மெலிதாகப் போன இடத்தில் வெள்ளை அதிகம் தெரியும், தடிமனாகப் போன இடத்தில் குறைவாகத் தெரியும். நாம் தடம் என்று பார்ப்பது அந்த வித்தியாசத்தைத்தான். அடியில் இருப்பதும் சிவப்பின் அளவுக்கே இருட்டாக இருந்துவிட்டால், மெலிசுக்கும் தடிமனுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

எவ்வளவு இருட்டு? வண்ணச் சீட்டைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தாள் ஆர்லீன். கிரான்பெரி, நடுத்தரச் சாம்பலாக வந்தது. அன்று இரவே கடைக்காரரிடம் அந்தப் படத்தைக் காட்டி, அதே சாம்பலில் பிரைமர் கலந்து வாங்கிவந்தாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, காலையிலேயே பழைய சிவப்பை லேசாகத் தேய்த்து, அதன்மேல் சாம்பலை அடித்தாள். வெர்ன் எட்டிப் பார்த்தபோது நாலு சுவரும் சிறைச்சாலை மாதிரி இருந்தன.

"அருமை!" என்றான். "இதோட நிறுத்திக்கலாம். பெவர்லிக்கு ரொம்பப் பிடிக்கும்."

"உன் தங்கச்சிக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியும். வாயை மூடிக்கிட்டு ஏணியைப் பிடி."

அவன் பிடித்தான். சாம்பல் காய்ந்ததும் மத்தியானம் ஒரு கோட்டிங் சிவப்பு. அப்போதே தடம் பாதிக்குமேல் மறைந்திருந்தது. சனிக்கிழமை காலை இன்னொன்று.

பதினொன்றரைக்கு வெர்ன் தானே மேசை விளக்கை எடுத்துவந்து சுவரோடு ஒட்டிப் பிடித்தான். மூலைக்கு மூலை போனான். குனிந்து பார்த்தான். ஏணியில் ஏறிப் பார்த்தான். ஆர்லீன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சொல்லு."

"பரவாயில்ல," என்றான். எங்கள் ஊரில் அதற்கு மேல் பெரிய பாராட்டும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு நாற்காலிகளை உள்ளே கொண்டுவரப் போனான்.

எந்த வீட்டிலும் மிச்சப் பெயின்ட் டின்னைப் பரணில் போடும் முன் மூடியில் அறையின் பெயரையும் தேதியையும் எழுதி வைப்பது வழக்கம். ஆர்லீன் தடித்த பேனாவால் இன்னும் கொஞ்சம் எழுதினாள்:

சாப்பாட்டு அறை. வெள்ளைப் பிரைமர் வேண்டாம். வண்ணச் சீட்டைக் கறுப்பு வெள்ளையில் படம் எடு; அதில் வரும் சாம்பலிலேயே பிரைமர், ஒரு கோட்டிங். நன்றாகக் காயவிடு. மேலே சிவப்பு, இரண்டே கோட்டிங்.